முறுமுறுப்பும் முறையீடும்: இஸ்ரவேலரின் வனாந்தரப் பயணம் குறித்து

ஓரேப் மலையிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாட் பயணம் என்று உபாகமத்தின் முதலாம் அதிகாரம் கூறுகின்றது. இஸ்ரவேலர் வனாந்தரத்திற் கழித்த காலமோ 40 ஆண்டுகள். இவ்விரு எண்களையும் அருகருகே நிறுத்தி, இடைப்பட்ட வேறுபாட்டுக்கு 'முறுமுறுப்பு' என்னும் ஒரு சொல்லையே காரணமாகக் காட்டுவது விவிலியப் படிப்பு வட்டங்களிலும் ஞாயிறு பாடசாலைகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் போதனை முறையாகும். தண்ணீர் இல்லையென்று முறுமுறுத்தார்கள். அப்பம் இல்லையென்று முறுமுறுத்தார்கள். இறைச்சி இல்லையென்று முறுமுறுத்தார்கள். ஆகவே அலைந்தார்கள், அலைந்தே மாண்டார்கள். கேட்போர் உள்ளத்திற் பதியும் பாடம் இது: வாய்திறவாது நடப்பவனே கானானைச் சேர்வான்.

இப்பாடம் வசதியானது. யாருக்கு வசதியானது என்ற வினா மாத்திரம் எழுப்பப்படுவதில்லை. கூலி போதாதென்று சொல்லும் தொழிலாளிக்கும், சபையின் வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் அங்கத்தவனுக்கும், தனக்குரிய பங்கைக் கோரும் பெண்ணுக்கும் வனாந்தரத்தில் மடிந்தோரின் கதி நினைவூட்டப்படுகின்றது. நூலை உண்மையாகப் படித்தவர்கள் இவ்வாறு நினைவூட்ட முடியுமா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விடயம். யாத்திராகமத்தையும் எண்ணாகமத்தையும் அவை அமைந்துள்ள ஒழுங்கிற் படிப்போருக்கு, குறைகூறுதல் பாவம் என்னும் போதனை அந்நூல்களிலிருந்து எடுக்கப்பட்டதிலும் அவற்றின்மீது ஏற்றப்பட்டதே அதிகம் என்பது புலனாகும்.

முதலிற் சொல்லை நோக்குதல் தகும். தமிழில் முறுமுறுத்தல் என்பது வாய்க்குள்ளே உறுமுவதைக் குறிப்பது. நேர்நின்று பேசும் துணிவற்றவனின் செயல் என்னும் இழிவுப் பொருள் அதனுடன் ஒட்டியே வருகின்றது. முறையிடுதல் என்பதோ வேறு. அச்சொல் நீதியை வேண்டி அதனை வழங்கக் கடமைப்பட்டவர் முன்னிலையில் நின்று பேசுவதைக் குறிக்கும். பாண்டியன் அவையில் கண்ணகி செய்ததை முறுமுறுப்பு என்று கூறும் தமிழ் வாசகன் எவனும் இரான். ஒரே குறை எச்சொல்லாற் குறிக்கப்படுகின்றதோ அதற்கேற்பவே அதன் நியாயமும் முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

எபிரேய மூலத்திலும் இவ்வேறுபாடு உண்டு. மாராவில் மூன்று நாள் நீரின்றி நடந்த மக்கள், கிடைத்த நீரும் கசப்பாயிருக்கக் கண்டு, எதைக் குடிப்போம் என்று கேட்டபோது அதனைக் குறிக்க 'லூன்' என்னும் வினை ஆளப்பட்டுள்ளது. முறுமுறுப்பு என மொழிபெயர்க்கப்படுவது இதுவே. அடுத்த வசனத்தில் மோசே அதே குறையைக் கடவுளிடம் கொண்டுசெல்கின்றான். அங்கு ஆளப்படும் வினை 'ஸாஅக்', அதாவது அபயக்குரல் எழுப்புதல். எகிப்தின் அடிமைத்தனத்தில் மக்கள் எழுப்பிய ஓலத்தையும், தான் அதனைக் கேட்டதாகக் கடவுள் மோசேயிடம் கூறுவதையும் குறிக்கும் சொற்கள் இவ்வினையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குறை ஒன்றே, தாகமும் ஒன்றே. மக்களின் வாயில் அது முறுமுறுப்பு, தலைவனின் வாயில் அது மன்றாட்டு. இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத விவிலியப் படிப்பு, படிப்பு என்னும் பெயருக்கு எங்ஙனம் உரியதாகும்?

ரெவிதீமில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. அங்கு மக்களின் செயலைக் குறிக்க முதலில் வரும் சொல் 'ரீப்' என்பது. அது வழக்காடுதலைக் குறிப்பது. மேரிபா என்னும் இடப்பெயரும் அச்சொல்லிலிருந்தே பிறந்தது. மீகா, ஓசியா போன்ற தீர்க்கதரிசிகள், கடவுள் தம் மக்கள்மீது தொடுக்கும் வழக்கைக் கூறும்போதும் இதே சொல்லைப் பயன்படுத்துகின்றனர். கடவுள் வழக்காடினால் அது நீதியாகவும், தாகத்தால் வாடிய மக்கள் வழக்காடினால் அது கலகமாகவும் கொள்ளப்படுவதற்குச் சொல்லளவில் ஆதாரம் எதுவும் இல்லை.

சொல்லிலிருந்து நிகழ்ச்சிகளுக்கு வரலாம். சீனாய் மலையை அடையுமுன் மக்கள் குறைகூறிய சந்தர்ப்பங்கள் நான்கு யாத்திராகமத்திற் கூறப்படுகின்றன. செங்கடலோரத்தில், எகிப்திற் கல்லறைகள் இல்லாமையாலா இங்கு சாகக் கொண்டுவந்தாய் என்று மோசேயைக் கேட்கின்றனர். மாராவில் நீர் கேட்கின்றனர். சீன் வனாந்தரத்தில் உணவு கேட்கின்றனர். ரெவிதீமில் மீண்டும் நீர் கேட்கின்றனர். இவற்றுள் ஒன்றுக்கேனும் தண்டனை விதிக்கப்படவில்லை. கடல் பிளக்கின்றது, கசந்த நீர் இனிக்கின்றது, மன்னா பொழிகின்றது, பாறை நீர் சுரக்கின்றது. குறை சொன்னவர்கள் குறை தீர்க்கப்பெற்றார்கள் என்பதே இவ்வதிகாரங்களின் நேர்ப்பொருள்.

மன்னாவின் விதிகளும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கவை. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை, குறையச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறிற்று. பசித்தவர்களின் குரலுக்குப் பதிலாக வந்தது உணவு மாத்திரமன்று. பதுக்கலுக்கு இடமளிக்காத ஒரு பங்கீட்டு ஒழுங்குமாகும். குரல் எழும்பியிராவிட்டால் இவ்வொழுங்கு பிறந்த வரலாறே எழுதப்பட்டிராது. முறுமுறுப்பைக் கண்டிக்கும் பிரசங்கங்கள் பதுக்கியவனின் புழுத்த பாத்திரத்தைப் பற்றி அத்துணை உரத்துப் பேசுவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

எண்ணாகமத்தில் நிலைமை மாறுகின்றது என்பதை மறைப்பதற்கில்லை. தபேராவில் நெருப்பு மூளுகின்றது. மீனையும் வெள்ளரியையும் கொம்மட்டியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து இறைச்சிக்காக அழுதவர்களுக்குக் காடைகளும் அவற்றுடன் வாதையும் வருகின்றன. வேவுகாரரின் செய்தி கேட்டுக் கலங்கிய தலைமுறை கானானைக் காணாது மடியும் என்ற தீர்ப்பு வருகின்றது. பின்னர் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வருகின்றன. மரபுவழிப் போதனையின் வலிமையெல்லாம் இவ்வதிகாரங்களிலேயே தங்கியுள்ளது. ஆனால், இதே எண்ணாகமம் வேறு பலவற்றையும் கூறுகின்றது. அவை ஏன் வாசிக்கப்படுவதில்லை?

இறைச்சிக்காக மக்கள் அழுத அதே 11ஆம் அதிகாரத்தில் மோசேயும் குறைகூறுகின்றான். இம்மக்களையெல்லாம் தானா கருத்தரித்தான், தானா பெற்றான் என்று கடவுளைக் கேட்கின்றான். இப்பாரத்தைச் சுமப்பதிலும் கொன்றுபோடுதல் நன்று என்கின்றான். மக்கள் வாய்மொழியாக நூலிற் பதிவாகிய எந்தக் குறையிலும் இது மென்மையானதன்று. அவனுக்கு வாதை வரவில்லை. சுமையைப் பகிர 70 மூப்பர்கள் நியமிக்கப்படுகின்றனர். அடுத்த அதிகாரத்தில் மிரியாமும் ஆரோனும் மோசேக்கு எதிராகப் பேசுகின்றனர். பேசியவர்கள் இருவர், குட்டரோகம் பிடித்தது மிரியாம் ஒருத்திக்கே. அவள் பாளயத்துக்குப் புறம்பே ஏழு நாள் அடைக்கப்பட்டிருந்தபோது, அவள் திரும்பச் சேர்க்கப்படும் வரையில் மக்கள் பயணம் புறப்படவில்லை என்று நூல் ஒரு வரியிற் கூறிச் செல்கின்றது. பொறுமையற்றவர்கள் என்று தூற்றப்படும் அம்மக்கள், தண்டிக்கப்பட்ட ஒருத்திக்காக வனாந்தரத்தில் ஏழு நாள் காத்திருந்தனர். இவ்வரியைத் தலைப்பாகக் கொண்டு ஒரு படிப்புப் பாடம் அமைப்பது அரிது. தாத்தானையும் அபிராமையும் பூமி விழுங்கியதோ ஆண்டுதோறும் பாடமாகின்றது.

குறைகூறலாற் சட்டமே திருத்தப்பட்ட நிகழ்ச்சிகளும் எண்ணாகமத்தில் உள்ளன. 9ஆம் அதிகாரத்தில், பிணத்தைத் தொட்டமையாற் தீட்டுப்பட்ட சிலர் பஸ்காவை ஆசரிக்கத் தடுக்கப்படுகின்றனர். தாங்கள் ஏன் விலக்கப்பட வேண்டும் என்று அவர்கள் மோசேயிடம் நேரிற் கேட்கின்றனர். விளைவு, அத்தகையோருக்கும் தூரப் பயணம் போனோருக்கும் அடுத்த மாதத்தில் ஒரு பஸ்கா ஏற்படுத்தப்பட்டது. 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகளாகிய மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐவர், ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக நின்று, ஆண்மகவு இன்றித் தந்தை இறந்தமையால் அவர் பெயர் அற்றுப்போவானேன் என்று வினவித் தமக்குக் காணிப்பங்கு கோருகின்றனர். அவர்கள் சொல்வது சரியே என்பது கடவுளின் தீர்ப்பு. மகனில்லாத இடத்து மகளுக்கு உரிமை செல்லும் என்னும் சட்டம் அன்று பிறந்தது. 36ஆம் அதிகாரத்தில், அக்கோத்திரத் தலைவர்களின் எதிர்முறையீட்டினால், இத்தகைய பெண்கள் தம் கோத்திரத்துக்குள்ளேயே மணம்புரிய வேண்டுமென்று அவ்வுரிமை ஒடுக்கப்பட்டமையும் உண்மை. எனினும் ஐந்து பெண்களின் பெயர்களை நூல் தனித்தனியே பேணியிருக்கின்றது. வாய்திறவாதவர் பேறுபெறுவர் என்னும் போதனைக்கு இவர்கள் ஐவரும் ஐந்து மறுப்புகள்.

சீனாய்க்கு முன் மக்கள் சட்டத்தை அறியார், ஆகவே மன்னிக்கப்பட்டனர். உடன்படிக்கைக்குப் பின் அறிந்தே குறைகூறினர், ஆகவே தண்டிக்கப்பட்டனர் என்று சமாதானம் கூறுவோர் உளர். இவ்விளக்கம் ஒழுங்கானதாகத் தோன்றினும் நிலைக்காது. தீட்டுப்பட்டோரின் வினாவும் ஐந்து பெண்களின் வழக்கும் சீனாய்க்குப் பிந்தியவை. இவற்றிலும் வலிய சான்று 20ஆம் அதிகாரத்திலுள்ளது. காதேசில் மீண்டும் நீர் இல்லை. மக்கள் மீண்டும் மோசேயுடன் வழக்காடுகின்றனர். எகிப்திலிருந்து ஏன் கொண்டுவந்தாய் என்ற பழைய வினாவையே கேட்கின்றனர். கடவுள் மக்கள்மேற் கோபங்கொண்டதாக அந்நிகழ்ச்சியில் ஒரு சொல்லும் இல்லை. சபைக்கும் மிருகங்களுக்கும் நீர் கொடு என்ற கட்டளையே பிறக்கின்றது. மோசேயோ தாகங்கொண்டவர்களைக் கலகக்காரர் என்று விளித்துப் பாறையை இருமுறை அடிக்கின்றான். நீர் வந்தது, மக்கள் குடித்தனர். தண்டிக்கப்பட்டோர் மோசேயும் ஆரோனும். கானானுக்குள் அவர்கள் புகமாட்டார்கள் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் விசுவசியாமையும் கடவுளின் பரிசுத்தத்தைப் பேணாமையுமே அங்கு கூறப்படும் காரணம். அதே நிகழ்ச்சியை நினைவுகூரும் 106ஆம் சங்கீதம் மக்களையும் குறைசொல்கின்றது. ஆயினும் மோசே தன் உதடுகளினாற் பதறிப் பேசினான் என்பதை அது மறைக்கவில்லை. வனாந்தரக் கதையில் கானானை இழந்தோர் பட்டியலில் முதற்பெயர்கள் தலைவர்களுடையவை என்பதை முறுமுறுப்புப் பிரசங்கிகள் ஒருமுறை தானும் எண்ணிப் பார்த்தனரா?

அப்படியாயின் ஒரே நூலில் இத்துணை முரண்பாடு எங்ஙனம் வந்தது? இவ்விடத்தில் விவிலிய ஆய்வின் வரலாறு துணைசெய்கின்றது. ஐந்தாகமங்கள் ஒருவர் கையால் ஒரே காலத்தில் எழுதப்பட்டவையல்ல, பல்வேறு காலத்து மூலங்கள் இணைந்தவை என்பதை ஜேர்மானிய அறிஞர் யூலியஸ் வெல்ஹவுசன் 1878இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். அவர் வகுத்த கால வரிசை பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும், நூல் அடுக்கடுக்காக வளர்ந்தது என்னும் அடிப்படை விமர்சன ஆய்வில் நிலைபெற்றுள்ளது. மார்ட்டின் நோத் 1948இல், ஐந்தாகம மரபு சில பெருங் கருப்பொருள்களைச் சுற்றி உருவாயிற்றெனக் காட்டி, வனாந்தரத்தில் வழிநடத்தப்படுதலை அவற்றுள் ஒன்றாக வகுத்தார். ஜோர்ஜ் கோட்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு, வனாந்தரத்தைப் பற்றிய பழைய நினைவு இணக்கமானது என்றும், கலகம் என்னும் கருப்பொருள் எருசலேம் வட்டாரம் வடநாட்டு அரசுக்கெதிராக நடத்திய வாதத்தில் உருப்பெற்றது என்றும் கூறிற்று. அம்முடிவை எல்லா ஆய்வாளரும் ஏற்றாரல்லர். ஆயினும் அது எழுப்பிய வினா தள்ளத்தக்கதன்று.

ஏனெனில், வனாந்தர நினைவு ஒன்றாக இருக்கவில்லை என்பதற்கு வேதாகமமே சாட்சி. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஓசியாவுக்கு வனாந்தரம் இளமைக் காதலின் இடம். கடவுள் தம் மக்களை மீண்டும் அங்கழைத்துச் சென்று நெஞ்சோடு பேச விரும்புகின்றார். எரேமியாவும் ஏறத்தாழ அவ்வாறே அதனை மணவாட்டியின் அன்புக் காலமாக நினைவுகூருகின்றார். ஆசாரிய குலத்தவராகிய எசேக்கியேல், சிறையிருப்பின் ஏழாம் ஆண்டில், அதாவது கி.மு. 591இல், பாபிலோனில் அதே காலத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை கலகமாகச் சித்திரிக்கின்றார். சங்கீதப் புத்தகத்தில் அடுத்தடுத்து நிற்கும் 105ஆம் 106ஆம் சங்கீதங்களும் இவ்வாறே பிரிகின்றன. 105இல் முறுமுறுப்பு என்பதே இல்லை. மக்கள் கேட்டார்கள், காடை வந்தது, பாறை திறந்தது. 106இல் இச்சையும் முறுமுறுப்பும் வாதையுமே தொடர்கின்றன. 107ஆம் சங்கீதமோ, வனாந்தரத்தில் வழிதப்பிப் பசித்துத் தாகித்தவர்களின் குரலுக்கு 'ஸாஅக்' என்னும் அபயக்குரற் சொல்லையே வழங்குகின்றது.

எருசலேம் எரிந்து, அரசு அழிந்து, மக்கள் சிறைப்பட்டு நின்ற காலத்தில், இவ்வழிவுக்குக் காரணம் யாது என்ற வினா எழுவது இயல்பு. முன்னோர் கீழ்ப்படியவில்லை என்பது ஒரு விடை. எண்ணாகமத்திற் பெரும்பங்கை வகிக்கும் ஆசாரிய மூலத்தை அறிஞர் பெரும்பாலோர் சிறையிருப்புக் காலத்துக்கோ அதன் பின்னைய காலத்துக்கோ உரியதென்பர். அதில் ஆரோன் வமிசத்தின் அதிகாரம் பெரிதும் பேணப்படுவது தற்செயலன்று. கோராகின் கதை இதற்குத் தக்க உதாரணம். 16ஆம் அதிகாரத்தில் இரு வேறு கதைகள் பின்னப்பட்டுள்ளன என்பது ஆய்வுலகில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ரூபன் கோத்திரத்துத் தாத்தானும் அபிராமும் மோசேயின் ஆட்சியை எதிர்த்த கதை ஒன்று. லேவியனாகிய கோராகு 250 பேருடன் ஆசாரியத்துவத்தின் தனியுரிமையை எதிர்த்த கதை மற்றையது. சபையார் எல்லோரும் பரிசுத்தமானவர்கள் என்று கோராகு கூறியது, சீனாயில் மக்களனைவரையும் ஆசாரிய ராச்சியமென அழைத்த கடவுளின் வார்த்தையிலிருந்து அதிக தூரத்திலில்லை. அவன் அழிந்தான். ஆனால் அவன் குமாரர் சாகவில்லை என்று 26ஆம் அதிகாரம் குறிக்கின்றது. கோராகின் புத்திரர் பெயரைத் தலைப்பிற் தாங்கிய 11 சங்கீதங்கள் இன்றும் ஆலயங்களிற் பாடப்படுகின்றன. கலகக்காரனின் வமிசத்துக்கு வழிபாட்டிற் குரல் கொடுத்த மரபு, கலகத்தைப் பற்றி ஒரு தீர்ப்போடு அமைதிகொண்ட மரபன்று.

பவுலின் வார்த்தையைக் காட்டி இவ்வாதத்தை முடிக்க முயல்வோர் உளர். முறுமுறுத்தவர்களைப் போல நீங்களும் முறுமுறாதிருங்கள் என்னும் கருத்து 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் வருவது மெய்யே. விக்கிரக விருந்துகளிற் கலந்துகொண்டு தம்மைப் பலவான்களாக எண்ணிய ஒரு நகரச் சபைக்கு எழுதப்பட்ட எச்சரிக்கை அது. புதிய ஏற்பாடு அத்துடன் நின்றுவிடவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியிற் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லையென்று கிரேக்க மொழி பேசிய யூதர் எபிரேயருக்கு எதிராக முறுமுறுத்தனர். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு வனாந்தர முறுமுறுப்புக்கு ஆண்ட சொல்லும், பவுல் ஆண்ட சொல்லும், இங்கு ஆளப்படும் சொல்லும் ஒரே வேரினவை. அப்போஸ்தலர் என் செய்தனர்? வனாந்தரத்தை நினைவூட்டி அவர்களை அடக்கினரா? சபையைக் கூட்டி, குறையை ஏற்று, பந்தி விசாரணைக்கு எழுவரைத் தெரிவிக்கச் செய்தனர். எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது கருதத்தக்கது. ஒரு வசனத்தைக் கொண்டு வாய்களை மூடுவோர் இந்த அதிகாரத்தை என் செய்வர்?

மறுபுறத்தே, இப்பயணத்தை வரைபடத்திற் தேடுவதையே விவிலிய அறிவெனக் கருதும் ஒரு போக்கும் உண்டு. 1868-69இற் பிரித்தானியப் படைத்துறை நில அளவையாளர் சீனாய்க் குடாவை அளந்தனர். 1927இல் போடன்ஹைமர் தலைமையிற் சென்ற குழுவினர், தமரிஸ்கு மரத்திற் சாறுறிஞ்சும் பூச்சிகள் கசியும் இனிப்புப் பொருளே மன்னாவாகலாமென ஆராய்ந்தனர். காதேஸ்பர்னேயா எனப் பொதுவாகக் கருதப்படும் தெல் எல்-குதைராத்தில் 1976 முதல் 1982 வரை நடந்த அகழ்வில், யாத்திரை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துப் பாளயம் எதுவும் வெளிப்படவில்லை. முதலாம் குடிமதிப்பிற் கூறப்படும் 6,03,550 ஆடவரும் அவர்தம் குடும்பங்களும் அவ்வனாந்தரத்தில் 40 ஆண்டுகள் வாழ்ந்திருத்தல் இயலாதென்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. இவையெல்லாம் அறியத்தக்கவை, மறைக்கத்தக்கவையல்ல. ஆனால், நிகழ்ந்ததா இல்லையா என்ற வினாவோடு படிப்பை முடித்துக்கொள்வோர், பக்திமான்கள் மக்களின் குரலைப் பாவமென்று தள்ளியதைப் போலவே, அதனைக் கட்டுக்கதையென்று தள்ளிவிடுகின்றனர். இரு தரப்பாரும் தாகங்கொண்டவனைச் செவிமடுக்கவில்லை.

அக்குரல் கற்பனைக்கெட்டாத ஒன்றன்று. மூன்றாம் இராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்திய மன்னர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் தமது தானியப் படி வந்து சேராமையால் வேலையை நிறுத்திக் கோயில்களின் அருகே சென்று அமர்ந்தனர். பசியும் தாகமுமே தங்களை அங்கு கொண்டுவந்தன என்று அவர்கள் முறையிட்டமை தூரின் நகரிற் பேணப்படும் பப்பிரசுச் சுவடியிற் பதிவாகியுள்ளது. யாத்திராகமக் கதைமாந்தர் கேட்டவற்றையே அக்காலத்து மெய்யான மாந்தரும் கேட்டனர். இஸ்ரவேலர் தம் முன்னோரை வீரர்களாக மாத்திரம் சித்திரித்திருக்கலாம். பசியால் அழுதவர்களாகவும் சித்திரித்தனர். அந்நேர்மையைப் பாவப்பட்டியலாகக் குறுக்குவது அந்நூலுக்கே இழைக்கும் அநீதி.

இக்கதையின் வலிமையை அதிகாரத்திலிருந்தோர் அறியாதிருக்கவில்லை. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென 1807இல் இலண்டனில் அச்சிடப்பட்ட வேதாகமத் தொகுப்பில் எகிப்திலிருந்து விடுதலை பெற்ற வரலாறு நீக்கப்பட்டிருந்தது. அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டுமெனும் எபேசியர் நிருபப் பகுதி விடப்பட்டிருந்தது. நீக்கும் வசதியில்லாதவிடத்து விளக்கம் அவ்வேலையைச் செய்தது. எனினும் கதை அடங்கவில்லை. 1968 ஏப்ரல் 3ஆந் திகதி மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் தமது இறுதி உரையில் வாக்குத்தத்த தேசத்தைப் பற்றிப் பேசியபோது, அவர் அங்கு வந்திருந்தது வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளருக்குத் துணைநிற்கவே. தமிழிலும் 1995இல் வெளியான திருவிவிலியம் யாத்திராகமத்துக்கு 'விடுதலைப் பயணம்' என்று பெயரிட்டது. பெயர் மாறிற்று, போதனை இன்னும் மாறவில்லை.

விடுதலைக் கதையென்று இதனைப் போற்றுவோரும் ஒன்றைக் கடந்து செல்லலாகாது. மோசேக்குப் புகலிடமளித்த எத்திரோ மீதியானின் ஆசாரியன். மக்களின் வழக்குகளைக் கேட்க ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை நியமிக்குமாறு ஆலோசனை கூறியவனும் அவனே. எண்ணாகமம் 31ஆம் அதிகாரத்தில் அதே மீதியானியர் கொல்லப்படுகின்றனர். அவர்களது முறையீடு எங்கும் பதிவாகவில்லை. மைக்கல் வோல்சர் 1985இல் யாத்திராகமத்தைப் புரட்சியின் முன்மாதிரியாகக் காட்டி எழுதிய நூலுக்கு, எட்வேர்ட் சையித் 1986இற் கானானியர் நோக்கில் எழுதிய மறுப்பு இக்குறையையே சுட்டிற்று. அவர் வாதம் ஏற்கத்தக்கது. பசித்த இஸ்ரவேலரின் குரலைக் கேட்கப் பழகிய செவி, நூல் பதிவுசெய்யாத குரலையும் தேட வேண்டும். இல்லையேல் ஒரு மௌனத்தைக் கலைத்து இன்னொரு மௌனத்தை நிறுவியதாகவே முடியும்.

விவிலியப் படிப்பை நடத்துவோர் செய்ய வேண்டியது கடினமானதன்று. 14ஆம் 16ஆம் அதிகாரங்களைப் படிப்பிக்கும் ஆண்டிலேயே 9ஆம் 20ஆம் 27ஆம் அதிகாரங்களையும் படிப்பிக்கட்டும். 106ஆம் சங்கீதத்தோடு 105ஆம் சங்கீதத்தையும் வாசிக்கட்டும். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பலும் முறையீடுமாயிருப்பது ஏன் என்று மாணவர் கேட்டால், அவ்வினாவை அடக்காதிருக்கட்டும். அதன் பின்னரும் குறைகூறல் பாவமென்று போதிக்க விரும்புவோர், காதேசில் நீர் கேட்டவர்கள் நீர் பெற்றார்கள் என்பதையும், அவர்களைக் கலகக்காரர் என்று அழைத்தவர் கானானை மலையுச்சியிலிருந்து பார்த்து மாத்திரம் இறந்தார் என்பதையும் தம் மாணவருக்கு விளக்கிக் கூறக் கடமைப்பட்டவராவர்.